நீச்சல் உடையா ஜிம் உடையா, திருப்பூரா வீட்டு மாடியா?

அக்கா மகள் போன மாதம் கடலூரிலிருந்து வந்தாள். கையில் ஒரு நோட்டு. அதில் ஐந்து பிராண்டு பெயர்கள், ஒரு லோகோ, பக்கத்தில் மூன்று கலர் பென்சில் தீற்றல்.

"சித்தி, நாலு லட்சம் சேர்த்து வச்சிருக்கேன். ஆக்டிவ்வேர் பிராண்டு ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன். உங்க மாடியில மெஷின் போட்டுக்கட்டுமா, இல்ல திருப்பூர்ல கொடுத்துத் தைச்சு வாங்கட்டுமா? அதை மட்டும் சொல்லுங்க."

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பதினான்கு வருடமாகத் தையல் வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, நைட்டி, கொஞ்சம் ஜெர்சி வேலை. அந்த உரிமையில் கேட்டாள். நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "யாருடி போடப்போறா? எந்தத் தண்ணியில நனையப்போகுது?" நோட்டில் அதற்குப் பதில் இல்லை.

எங்கே தைப்பது என்று முதலில் முடிவு செய்யப் போனால் இந்தத் தொழிலில் சிக்கிக்கொள்வோம். போடுகிற ஆளைப் பொறுத்துத் துணி மாறும். துணி மாறினால் மெஷின் மாறும். அந்த மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தைக்க முடியும். அதனால் நாங்கள் இருவரும் அந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, என்ன பொருள் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு வாரம் பேசினோம். நான்கு வழிகள் தென்பட்டன.

முதல் வழி, எல்லாருக்கும் முதலில் தோன்றுவது: ஜிம் லெக்கிங்ஸ், டிராக் பேன்ட், டிரை பிட் டிஷர்ட். தைப்பது சுலபம், துணி எங்கும் கிடைக்கும், வருடம் முழுக்க விற்கும். இந்தக் கிணற்றில் நானும் ஒரு தடவை இறங்கிப் பார்த்தவள்தான். 2019-இல் ஒரு மொத்த வியாபாரியிடம் இருநூறு லெக்கிங்ஸ் வாங்கி, என் லேபிளைத் தைத்து விற்றேன். சாம்பிளாகக் கொடுத்தது கனமான துணி. மூட்டையில் வந்தது வேறு. நின்றால் கறுப்பாகத் தெரியும், உட்கார்ந்து எழுந்தால் உள்ளே இருப்பது தெரியும். எழுபதுக்கு மேல் திரும்பி வந்தன. மிச்சத்தை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கடை போடும் ஒருவருக்கு அசலுக்கும் கீழே தள்ளினேன். ஆயத்தப் பொருளில் லேபிள் ஒட்டி விற்பதில் உள்ள ஆபத்து இதுதான். பெயர் நம்முடையது, துணி யாருடையதோ.

அது போகட்டும், நல்ல துணியாகவே இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 250 ஜி.எஸ்.எம். துணி, அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம், அறுபது அங்குல அகலம், ஒரு லெக்கிங்ஸுக்கு ஒரு மீட்டர் என்றால் முந்நூற்று எழுபத்தைந்து கிராம் சொச்சம். துணி, எலாஸ்டிக், தையல், கவர் எல்லாம் சேர்த்து 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 499-க்கு விற்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. போக 475. கூரியர் 75. கையில் 150. ஆன்லைன் தளத்தின் கமிஷனும் விளம்பரச் செலவும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஒருவர் சைஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், போக வர கூரியரே ஒரு நல்ல விற்பனையின் லாபத்தைத் தின்றுவிடும். டெக்கத்லான் மாதிரி பெரிய கைகள் இதே பொருளை லட்சக்கணக்கில் தைத்து, கடையில் போட்டுப் பார்த்து வாங்க வைத்திருக்கின்றன. நாம் அங்கே போய் விலையில் மோத முடியாது. இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே இருபதாயிரம் பேர் பின்தொடரும் ஒரு உடற்பயிற்சிப் பயிற்சியாளர் என்றால் கதை வேறு. அவருக்கு லெக்கிங்ஸே சரி. அக்கா மகளுக்கு முந்நூற்றுச் சில்லறைப் பேர்தான், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

இரண்டாவது, டூரிஸ்ட்களுக்கான பிகினி, பீச் டிரெஸ். சென்னை, பெங்களூரிலிருந்து சனி ஞாயிறு வருகிறவர்கள் காஸ்ட்யூம் மறந்துவிட்டு வந்து தேடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வியாபாரத்துக்கு ஒயிட் டவுனிலோ செரினிட்டி பீச் பக்கமோ கடை வேண்டும், கடைக்கு வாடகை வேண்டும். ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வரமாட்டார். இதை ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டோம்.

மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வைத்தது. அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழக்குகிறவர்களுக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை வேண்டும். ராஷ் கார்டு என்பார்கள். பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்புப் போடும்போது நெஞ்சும் வயிறும் உரசிப் புண்ணாகாமல் காப்பது, வெயிலைத் தடுப்பது, இரண்டுக்கும் அதுதான். அலைச்சறுக்குப் பள்ளி ஒன்று இருபது முப்பது என்று ஒரே லோகோவோடு ஆர்டர் கொடுக்கும், திரும்பி வருகிற தொல்லை இல்லை. ஆனால் உரசல் என்கிற அந்த ஒரு காரணத்தால் உள்பக்கத் தையல் மேடில்லாமல் தட்டையாக இருந்தாக வேண்டும். துணியின் ஓரத்தைச் சுற்றிப் பின்னும் சாதாரண ஓவர்லாக் தையல் ஒரு நாளிலேயே தோலைச் சிவக்க வைத்துவிடும். அதற்கென்று நான்கு ஊசி, ஆறு நூல் ஓடும் தனி மெஷின் இருக்கிறது. அதன் விலை லட்சங்களில். இதை இரண்டாம் வருடத்துக்கு என்று நோட்டில் ஒரு வட்டம் போட்டு வைத்தோம்.

நான்காவதை அவள் தானாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

கடலூரில் ஒரு நீச்சல் குளத்தில் காலையில் லேடீஸ் பேட்ச்சுக்கு அவள் உதவிப் பயிற்சியாளர். "புதுசா வர்றவங்கள்ல பாதிப் பேர் முதல் நாளே திரும்பிப் போயிடுறாங்க சித்தி. சுடிதாரோட இறங்கலாமான்னு கேட்பாங்க. குளத்துல விடமாட்டாங்க." காட்டன் துணியின் நார் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால் பெரும்பாலான குளங்களில் இந்தக் கட்டுப்பாடு உண்டு. தவிர, நனைந்த காட்டன் கனத்து இழுக்கும், நீச்சல் பழகுகிறவருக்கு அது ஆபத்தும்கூட. கை கால் தெரிகிற காஸ்ட்யூம் போட இவர்களுக்கு மனம் வராது. சின்னப் பெண்களும் அப்படித்தான். பத்து வயதுவரை மீன்குஞ்சு மாதிரி நீந்திக்கொண்டிருக்கும் பிள்ளையை, வயசுக்கு வந்ததும் அம்மாவே நிறுத்திவிடுகிறாள். நீச்சல் பிடிக்காமலா நிறுத்துகிறாள்? உடைதான் காரணம்.

நம் கடற்கரையில் பொழுது சாயும் நேரம் ஒரு தடவை நின்று பார்த்தாலும் போதும். நைட்டியோடும் சுடிதாரோடும் அலையில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் அதே காட்சி. அவர்களுக்கு வேண்டியது உடம்பை மூடும், ஆனால் தண்ணீரில் கனக்காத உடை. இந்த யோசனை உலகத்துக்குப் புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் அஹேதா ஜனெட்டி 2004-இல் இஸ்லாமியப் பெண்களுக்காக வடிவமைத்த புர்கினி இந்தக் கேள்விக்கான ஒரு பதில்தான். கோட்டக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் பேசியபோது, "தலை மூடுற மாதிரி வேணும், ஆனா கறுப்பு மட்டும் வேணாம்" என்றார்கள். மத வேறுபாடு இல்லாமல் எல்லாரும் கேட்டது முழங்கால்வரை ஒரு பாவாடை மாதிரி மறைப்பு.

ஆன்லைனில் இப்படி உடைகள் கிடைக்காமல் இல்லை. வாங்கிப் பார்த்தோம், இரண்டு. ஒன்று தண்ணீரில் இறங்கியதும் காற்றடைத்த பை மாதிரி இடுப்பைச் சுற்றி மேலே எழும்பியது. இன்னொன்றில் மார்பளவு சரியாக இருந்தால் இடுப்பு ஏறவில்லை. அளவு எக்ஸ்.எல். வரை, அதுவும் ஒல்லியான எக்ஸ்.எல். இங்கேதான் நமக்கு இடம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். "இது ஸ்டைலா இல்லையே சித்தி." ஸ்டைலாக்குவது உன் வேலைதான் என்றேன்.

துணி விஷயத்தில் என்னைவிட அவள்தான் அதிகம் கற்றுக்கொண்டாள் என்று ஒப்புக்கொள்கிறேன். நீச்சல் உடை என்றால் நைலானில் இருபது சதவீதம் வரை, ரப்பர் மாதிரி இழுபடும் ஸ்பான்டெக்ஸ் கலந்தது என்பது பழக்கம். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் லைக்ரா என்பார்கள். லைக்ரா ஒரு கம்பெனிப் பெயர்தான், நூலின் பெயர் ஸ்பான்டெக்ஸ். நைலான் மெத்தென்று இருக்கும், உடம்புக்கு இதம், கடலுக்கு அருமை. குளத்தில்தான் சிக்கல். குளோரின் முதலில் ஸ்பான்டெக்ஸைத் தாக்கும். உடை தொளதொளவென்று போவது அதனால்தான். நைலானும் குளோரினுக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்காது. பாலியஸ்டர் அதைவிட நன்றாகத் தாங்கும். தினமும் நீந்துகிறவர்களின் பயிற்சி உடைகள் பாலியஸ்டரையும் பி.பி.டி. என்கிற அதன் உறவுக்கார இழையையும் கலந்து வருவது இதற்காகத்தான். அதில் இழுவை குறைவு, ஆயுள் அதிகம்.

வாடிக்கையாளர் வாரம் ஐந்து நாள் குளத்தில் இறங்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டதால், பாலியஸ்டர் லைக்ரா என்று முடிவாயிற்று. அதோடு இன்னொரு சௌகரியமும் சேர்ந்தது. சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் பிரின்ட் பாலியஸ்டரில்தான் நிற்கும். நைலானுக்கு அமிலச் சாயம் போட வேண்டும், சின்ன அளவில் அது நடக்காத காரியம். ஆனால் பிரின்ட் போட்ட துணியை இழுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மேலே மட்டும் சாயம் உட்கார்ந்து, இழுத்தால் உள்ளே வெள்ளை பல்லிளிக்கும். தொடைப் பகுதியில் அது அசிங்கமாக இருக்கும்.

குளோரினில் சாயம் போகிறதா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 105 வரிசையில் இ03 என்று ஒரு சோதனை உண்டு. கடல்நீருக்கு இ02, வியர்வைக்கு இ04. கோயம்புத்தூரில் சிட்ரா போன்ற ஆய்வகங்களில் துணிச் சோதனை செய்து தருவார்கள். முதல் ரோலுக்கே அங்கே போக வேண்டாம் என்று வீட்டிலேயே ஒரு முரட்டுச் சோதனை செய்தோம். ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமுக்கும் குறைவாகப் புதிய பிளீச்சிங் பவுடர், அதில் துணித்துண்டு ஒரு மணி நேரம். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் குளோரின் என்கிற அந்தச் சோதனை அளவுக்கு இது ஓரளவு பக்கத்தில் வரும். நாங்கள் வாங்கி வந்த ஐந்து துண்டுகளில் இரண்டு வெளுத்துவிட்டன. அதில் ஒன்றுதான் விலை கூடியது. நேவி ப்ளூ நின்றது, மயில் பச்சை நின்றது, அவள் ஆசைப்பட்ட பேபி பிங்க் போயே போய்விட்டது.

நிறத்தில் இன்னொரு விஷயம், குழந்தைகள் உடைக்கு. குளத்து நீரில் நீலமும் சாம்பலும் வெள்ளையும் கண்ணுக்கு மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, கிளிப்பச்சை, சிவப்புதான் கரையில் நிற்கிறவர் கண்ணில் படும். ஃபேஷன் எப்படி மாறினாலும் சின்னப் பிள்ளைகளுக்கு நீலம் தைப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

அப்புறம் வடிவம். ஒரே துண்டாக உடம்பு முழுவதற்கும் தைத்தால் அழகாக உட்காரும் என்று அவள் வரைந்திருந்தாள். எனக்கு அதில் பயம். ஒற்றைத் துண்டு உடையில் மார்பும் இடுப்பும் சரியாக இருந்தாலும் போதாது. தோளிலிருந்து கால் நடுவே போய் முதுகு வழியாகத் தோளுக்கே திரும்பி வரும் அந்த வளைய அளவு பொருந்த வேண்டும். ஒரே மார்பளவுள்ள இரண்டு பெண்களுக்கு அது கணிசமாக வேறுபடும். குட்டையாக இருந்தால் தோளை அறுக்கும், நீளமாக இருந்தால் தொங்கும். ரெடிமேடில் இந்த அளவை யாரும் கேட்பதும் இல்லை, லேபிளில் எழுதுவதும் இல்லை. போதாததற்கு நனைந்த உடையோடு பாத்ரூம் போகிறவளின் அவதியை ஆண்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆக, இரண்டு துண்டு: கணுக்கால்வரை லெக்கிங்ஸ், அதன்மேல் முழங்காலுக்குச் சற்று மேல்வரை முழுக்கை டாப். டாப் மேலே எழும்பாமல் இருக்க உள்ளே இடுப்பில் இரண்டு கொக்கி. இந்தக் கொக்கியை அவள் கண்டுபிடித்தாள். நான் நாடா வைக்கலாம் என்றேன், அவள் சொன்னதுதான் சரி.

இப்போது அவளுடைய முதல் கேள்விக்கு வருவோம். எங்கே தைப்பது?

திருப்பூர் என்றால் நம்மூர் ஆட்களுக்கு ஒரு மரியாதை. அதில் தப்பில்லை. பின்னலாடைக்கு அதைவிட ஊர் கிடையாது. பேட்டர்ன் போடுகிறவர், சைஸ் ஏற்றி இறக்குகிறவர், எலாஸ்டிக் கடை, லேபிள் நெய்பவர், எல்லாம் ஒரே ஊரில். ஓவர்லாக் மெஷினும், பின்னல் துணியின் ஓரத்தை மடித்து அடிக்கும் பேட்லாக் மெஷினும் இல்லாத தெருவே இல்லை. நாங்கள் இரண்டு நாள் போய் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் மூன்று பவர் டேபிள்காரர்களிடம் பேசினோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு செட்டுக்குத் தையல் கூலி 110 என்றார்கள். இங்கே என் மாடியில் அதே வேலைக்கு 170 ஆகும். அறுபது ரூபாய் வித்தியாசம் சின்னதில்லை.

ஆனால் மூவரும் ஒரே குரலில் சொன்ன இன்னொன்று: ஒரு கலருக்கு குறைந்தது முந்நூறு பீஸ். மூன்று கலர் என்றால் தொள்ளாயிரம் செட். அவள் நோட்டில் நான் போட்ட கணக்கு இது. 200 ஜி.எஸ்.எம். துணி, அறுபது அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் முந்நூறு கிராம். ஒரு செட்டுக்கு இரண்டு மீட்டர், அறுநூறு கிராம். எங்களுக்குச் சொன்ன விலை கிலோ 520, ஆக துணி 312. ஜிப், எலாஸ்டிக், நூல், லேபிள், கவர் 68. தையல் 170. கட்டிங், செக்கிங் 40. கழிவுக்கு ஒரு முப்பது. மொத்தம் 620. திருப்பூரில் தைத்தால் 560. தொள்ளாயிரத்தால் பெருக்கினால் ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. அவளிடம் இருப்பதே நான்கு. கூலியில் மிச்சம் பிடிக்கப் போய் முதலையே மூட்டையாகக் கட்டி வீட்டில் வைத்துக்கொள்வதா?

அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. அங்கே கைகள் காட்டன் பனியனுக்குப் பழகியவை. வழுக்கும் லைக்ரா துணிக்குப் பொறுமை வேண்டும். ரோலிலிருந்து பிரித்த துணியை உடனே வெட்டக் கூடாது. ஒரு நாள் விரித்து ஓய்வெடுக்க விட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கி அளவு தப்பும். ஊசி முனை உருண்டையாக இருக்க வேண்டும், கூர் ஊசி ஸ்பான்டெக்ஸ் இழையை வெட்டி ஓட்டை போட்டுவிடும். ஓவர்லாக்கில் கீழே ஓடும் நூல் புசுபுசுவென்று இழுபடும் வகையாக இருக்க வேண்டும். திருப்பூரில் லைக்ராவுக்கென்றே தைக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவை நம்முடையது மாதிரி சின்ன ஆர்டருக்குக் கதவைத் திறக்காது.

அப்படியானால் சொந்த மெஷின்? ஓவர்லாக் இரண்டு, பேட்லாக் ஒன்று, ஜிக்ஜாக் ஒன்று, கட்டிங் மேசை எல்லாம் சேர்த்து விசாரித்ததில் இரண்டே கால் லட்சத்துக்குக் கிட்ட வந்தது. போட்டுவிடலாம். ஆனால் மெஷினைவிட ஆள்தான் செலவு. நீச்சல் ஒரு பருவத் தொழில். ஏப்ரலிலிருந்து ஜூன்வரை கோடை வகுப்பில் குளம் நிரம்பி வழியும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை, குளத்தில் ஈ ஓட்டுவார்கள். அந்த மூன்று மாதமும் இரண்டு டெய்லருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயல் இரவில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதில் என் கீழ்வீட்டுத் துணிக்கட்டு முழுக்க நனைந்தது இன்னும் மறக்கவில்லை. மாடி என்று அவள் கேட்டதில் அந்த மட்டும் நியாயம் இருக்கிறது.

"இது மில் ஊர்தானே சித்தி, ஆளுக்கா பஞ்சம்?" என்றாள். இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். உண்மைதான், இந்த ஊர் நெய்த நீலத்துணி ஒரு காலத்தில் கப்பலேறி செனகல்வரை போனது. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020-இல்தான் முழுசாக மூடியது. ஆனால் மில் கைகள் தறி தெரிந்த கைகள். ஓவர்லாக்கில் லைக்ராவை இழுக்காமல் ஓட்டுவது வேறு வித்தை. அது தெரிந்தவர்கள் ஆரோவிலை ஒட்டிய குயிலாப்பாளையம் பக்கம் சிலர், என்னிடம் ஜெர்சி தைத்த இரண்டு பேர், அவ்வளவுதான். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் சாதாரண மெஷினில் நேர்த்தையல் போட்டுவிடுவார். பார்க்க ஒழுங்காக இருக்கும், முதல் தடவை காலை நுழைத்ததும் 'படக்'.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, நான் அதைத்தான் சொன்னேன். பேட்டர்ன் மட்டும் திருப்பூரில் காசு கொடுத்துப் போட்டு வாங்குவது. அதில் கஞ்சத்தனம் கூடாது, ஐந்து சைஸும் ஒழுங்காக ஏற்றி வாங்க வேண்டும். வெட்டுவது என் மேசையில். என்னிடம் ஓவர்லாக் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. பேட்லாக் ஒன்று மட்டும் அவள் வாங்கட்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. தைப்பது பீஸ் ரேட்டில், என்னிடம் ஜெர்சி தைத்த அந்த இரண்டு பெண்கள். மழைக்காலத்தில் மெஷினில் நான் சீருடை ஓட்டிக்கொள்வேன். முதல் தவணை நூற்றிருபது செட். மூன்று கலர், ஐந்து சைஸ், ஒவ்வொன்றிலும் எட்டு. 620 வீதம் எழுபத்து நான்காயிரம் சொச்சம். சாம்பிள், பேட்டர்ன், போக்குவரத்து, பேட்லாக் எல்லாம் கூட்டினாலும் அவள் பணத்தில் பாதி தொடப்படாமல் நிற்கும். ஒரு சைஸில் தப்பு இருந்தால் மூன்று கலரிலும் சேர்த்து இருபத்து நான்கு செட் வீணாகும். திருப்பூர் வழியில் அதே தப்பு நூற்றெண்பது பீஸில் இருக்கும்.

1,499-க்கு விற்கலாம் என்பது எங்கள் கணிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்வரை உள்ள உடைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.தான், அதற்கு மேல் போனால் 18. வரி, கூரியர் போக அடக்கத்துக்கு மேல் எழுநூறு ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. குளத்திலேயே கையில் கொடுத்தால் கூரியரும் இல்லை.

பெயரை எந்த ஊரில் பதிவது என்பதிலும் எங்களுக்குள் ஒரு சண்டை. 'பாண்டிச்சேரி' என்று லேபிளில் இருந்தால் கடல் வாசனை வரும் என்பது அவள் ஆசை. லேபிளில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள், கணக்கைப் பார் என்றேன். பொருள் விற்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் வரம்பு தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சம். புதுச்சேரியில் 20 லட்சம்தான். அதைவிட முக்கியம், வெளிமாநிலத்துக்கு ஒரு உடை விற்றாலும் வரம்பே கிடையாது, பதிவு வேண்டும். முள்ளோடை தாண்டினால் கடலூர் என்பது நமக்கு ஷேர் ஆட்டோ தூரம். சட்டத்துக்கு அது வேறு மாநிலம். செரினிட்டி பீச்கூடத் தமிழ்நாட்டு எல்லையில்தான் இருக்கிறது. என் வீட்டை முகவரியாக வைத்தால் அவள் பழக்கும் கடலூர்க் குளத்தில் விற்பதே வெளிமாநில விற்பனை ஆகிவிடும். மஞ்சக்குப்பத்து வீட்டு முகவரியில் வைத்தால் சென்னை, விழுப்புரம், கோவை எல்லாம் உள்மாநிலம். புதுச்சேரிக்கு விற்பது மட்டும் மறுபடி எல்லை தாண்டும். எப்படிப் பார்த்தாலும் ஆரம்பத்திலேயே பதிந்துவிடுவதுதான் நிம்மதி. துணிக்குக் கட்டிய வரியும் கழியும். மஞ்சக்குப்பம் என்று முடிவானது. தையல் என்னிடம் நடப்பதால் தைக்க மட்டும் போகிறது, விற்பனைக்கு அல்ல என்று காட்டும் ஜாப் ஒர்க் சலான் எழுதித் துணியை எல்லை தாண்டி அனுப்ப வேண்டும். அதை ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

டிரேட்மார்க் துணிமணிக்கு 25-ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருடம். ஐந்து பெயர்களில் மூன்று ஏற்கெனவே யாரோ எடுத்திருந்தார்கள். நான்காவது பெயர் தமிழில் எழுதினால் கெட்ட வார்த்தை மாதிரி வந்தது. அதை நான்தான் கவனித்தேன்.

போன வாரம் மூன்று சாம்பிள் தைத்து முடித்தோம். மயில் பச்சை மீடியத்தை அவளே போட்டுக்கொண்டு அரைமணி நேரம் நீந்திவிட்டு, ஈரத்தோடு போன் செய்தாள். டாப் எழும்பவில்லை, கொக்கி நின்றது, முட்டி மடங்கும் இடத்தில் தையல் பிரியவில்லை. கழுத்துதான் பட்டர்ஃபிளை அடிக்கும்போது இறுக்குகிறதாம். முன்கழுத்தை அரை அங்குலம் இறக்கி, ஜிப்பை இரண்டு அங்குலம் நீட்டிப் புதிதாக ஒன்று வெட்டியிருக்கிறேன். சனிக்கிழமை பேட்ச்சில் டபுள் எக்ஸ்.எல். அளவில் ஒரு டீச்சர் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சரியாக வந்த பிறகுதான் ரோலுக்குப் பணம் அனுப்பப்போகிறோம்.